இரண்டு கைப்பேசிகள்: உங்களுக்கு ஏற்றது எது?

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது ஓசூர். மோட்டார் சைக்கிள், லாரி, கைக்கடிகாரம் என்று பலவகைப் பொருள்களைச் செய்யும் தொழில் நகரம் அது. அண்மை ஆண்டுகளில் இந்தப் பட்டியலில் கைப்பேசியும் சேர்ந்துவிட்டது. ஓசூரை அடுத்துள்ள டாடா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஐபோன்களுக்கான உலோகக் கூடுகள் தயாராகின்றன. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கைப்பேசியின் கூட்டைச் செய்யும் ஊராக இருந்தாலும், கைப்பேசி வாங்கக் கடைக்குப் போகும்போது எல்லா ஊரார்க்கும் எழும் கேள்விதான் இங்கும் எழுகிறது. மேசைமேல் இரண்டு கைப்பேசிகள் இருக்கின்றன. இரண்டும் நல்லவை என்கிறார் கடைக்காரர். "இதில் 50 மெகாபிக்சல், அதில் 48 தான்" என்று எண்களை அடுக்குகிறார். நாம் எதை எடுப்பது?

பல குடும்பங்களில் கைப்பேசி தவணைக்கு வாங்கப்படுகிறது. ஒருமுறை தவறாகத் தேர்ந்தெடுத்தால் அதன் சுமை ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ மாதந்தோறும் வரும். ஆகவே இதை விளம்பரத்திடமோ பக்கத்து வீட்டாரிடமோ விட்டுவிடாமல், அறிவியல் முறைப்படி அணுகிப் பார்ப்போமா?

எடுத்துக்காட்டாக இரண்டு

ஒன்று, 2024 செப்டம்பரில் வெளிவந்த ஆப்பிள் ஐபோன் 16. மற்றொன்று, 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட சாம்சங் கேலக்ஸி எஸ்25. இரண்டும் கையடக்கமானவை. முன்னதன் எடை 170 கிராம், பின்னதன் எடை 162 கிராம். இந்தியாவில் அறிமுகமானபோது ஐபோனின் தொடக்க விலை 79,900 ரூபாய்; கேலக்ஸியின் விலை 80,999 ரூபாய். கேலக்ஸி வரிசைக் கைப்பேசிகள் உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவில் உள்ள சாம்சங் ஆலையில் தயாராகின்றன. ஆக, இரண்டிலும் நம் நாட்டுத் தொழிலாளரின் உழைப்பு உண்டு.

இவ்வளவு விலையுள்ள கைப்பேசியை எல்லோரும் வாங்கப் போவதில்லை. விவரங்கள் நன்கு வெளியாகியிருப்பதால் இவற்றை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். இங்கே கற்கும் முறையைப் பத்தாயிரம் ரூபாய்க் கைப்பேசிக்கும் அப்படியே பயன்படுத்தலாம்.

விலையிலேயே முதல் பாடம் இருக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே விலை என்றோம். ஆனால் அந்த விலையில் ஐபோனில் கிடைத்த சேமிப்பிடம் 128 ஜிகாபைட், கேலக்ஸியில் 256. அரிசி விலையை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே எடையா என்று பார்க்கிறோம் அல்லவா? இங்கும் அப்படியே பார்க்க வேண்டும்.

மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும்?

கேலக்ஸியின் விவரத் தாளில் 4,000 மில்லியாம்பியர்-மணி என்று அச்சிட்டிருக்கும். ஐபோனின் விவரத் தாளில் அப்படி ஓர் எண்ணைத் தேடினால் கிடைக்காது. "காணொளி 22 மணி நேரம் வரை ஓடும்" என்று மட்டும் ஆப்பிள் கூறுகிறது. சாம்சங் தன்னுடையதற்கு 29 மணி நேரம் வரை என்கிறது.

மில்லியாம்பியர்-மணி என்பது மின்கலத்தில் உள்ள மின்னூட்டத்தின் அளவு. ஆற்றலைக் கண்டுபிடிக்க அதை மின்னழுத்தத்தால் பெருக்க வேண்டும். 4,000 மில்லியாம்பியர்-மணி என்பது 4 ஆம்பியர்-மணி. கைப்பேசி மின்கலத்தின் மின்னழுத்தம் சுமார் 3.9 வோல்ட். எனவே ஆற்றல் 4 × 3.9 = 15.6 வாட்-மணி. இது 29 மணி நேரம் தாங்குகிறது என்றால், கைப்பேசி சராசரியாக 15.6 ÷ 29, அதாவது சுமார் 0.54 வாட் செலவழிக்கிறது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மின்கலம் தாங்கும் நேரம் அதன் கொள்ளளவை மட்டும் பொறுத்ததன்று. கைப்பேசி எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறது என்பதையும் பொறுத்தது. தொட்டி பெரிதாக இருந்தாலும் குழாய் ஒழுகினால் தண்ணீர் நிற்காது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 22, 29 என்ற இரண்டு எண்களும் இரண்டு நிறுவனங்கள், தத்தம் சோதனைக்கூடங்களில், தாங்களே வகுத்த நிலைமைகளில் கண்டவை. ஒரே தேர்வை எழுதாத இருவரின் மதிப்பெண்களைப் போன்றவை. கேலக்ஸி கூடுதல் நேரம் தாங்கும் என்று எதிர்பார்க்கலாம். சரியாக 7 மணி நேரம் கூடுதல் என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் ஊரும் இதில் பங்கு வகிக்கிறது. கைப்பேசிக் கோபுரம் அருகில் இருந்தால் கைப்பேசி மெல்லிய குரலில் பேசினால் போதும். கோபுரம் தொலைவில் இருந்தால் அது உரத்துப் பேச வேண்டும். அதாவது கூடுதல் திறனுடன் அலைகளை அனுப்ப வேண்டும். தளி, அஞ்செட்டி போன்ற மலையும் காடும் சூழ்ந்த பகுதிகளில் அலைவரவு குன்றும் இடத்தில், ஓசூர் நகரில் ஒரு நாள் முழுதும் தாங்கிய மின்கலம் மாலைக்குள் தீர்ந்து போகலாம். இந்த இழப்பை எந்த விவரத் தாளும் காட்டுவதில்லை.

திரை: கண்ணால் காண முடியாத வேறுபாடு

ஐபோன் 16-இன் திரையில் ஓர் அங்குலத்துக்கு 460 படப்புள்ளிகள். கேலக்ஸி எஸ்25-இல் 416. ஐபோன் திரை கூடுதல் தெளிவாகத் தெரியுமா?

இயல்பான பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோண இடைவெளியுள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறியும். கைப்பேசியை 30 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்தால், இந்தக் கோணம் சுமார் 0.087 மில்லிமீட்டர் இடைவெளிக்குச் சமம். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். 25.4-ஐ 0.087-ஆல் வகுத்தால் சுமார் 290 வருகிறது. அதாவது, அங்குலத்துக்கு ஏறத்தாழ 290 புள்ளிகளுக்கு மேல் எத்தனை இருந்தாலும், அந்தத் தொலைவில் நம் கண் அவற்றைத் தனித்தனியே பிரித்தறியாது. இரண்டு திரைகளும் இந்த எல்லையைத் தாண்டிவிட்டன. எனவே 460-க்கும் 416-க்கும் உள்ள போட்டி தாளில் மட்டுமே நடக்கிறது.

ஆனால் வேறோர் எண் கண்ணுக்குத் தெரியும். கேலக்ஸியின் திரை விநாடிக்கு 120 முறை வரை படத்தைப் புதுப்பிக்கிறது. ஐபோன் 16 விநாடிக்கு 60 முறை. அதாவது ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே முன்னதில் சுமார் 8 மில்லிவிநாடி, பின்னதில் சுமார் 17 மில்லிவிநாடி. விரலால் பக்கத்தை வேகமாக உருட்டும்போது எழுத்துகள் வழுக்கிச் செல்வதில் இந்த வேறுபாடு தெரியும். அசையாமல் இருக்கும் பாடப் பக்கத்தைப் படிப்பவருக்கு இதனால் பயன் இல்லை.

வெயிலில் திரை தெரிய வேண்டுமானால் ஒளிர்வு வேண்டும். உச்ச ஒளிர்வு ஐபோனில் 2,000 நிட், கேலக்ஸியில் 2,600 நிட் என்று குறித்திருக்கிறார்கள். எண்ணில் 30 விழுக்காடு கூடுதல்தான். ஆனால் ஒளி 30 விழுக்காடு கூடினால் கண்ணுக்கும் 30 விழுக்காடு கூடியதாகத் தோன்றாது. அதைவிடக் குறைவாகவே தோன்றும். நம் புலன்களின் இயல்பு அது.

படம் எடுக்கும் கண்

கடைக்காரர் சொன்ன 50 மெகாபிக்சல், 48 மெகாபிக்சல் கணக்குக்கு வருவோம். இந்தக் கைப்பேசிகள் மங்கிய ஒளியில் அண்டை அண்டையாக உள்ள நான்கு படப்புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கிக் கொள்ள வல்லவை. அப்போது 50-இல் கிடைப்பது சுமார் 12. 48-இல் கிடைப்பதும் 12. வேறுபாடு எங்கே போயிற்று?

மங்கிய ஒளியில் வேறொன்றைப் பார்க்க வேண்டும். அது துளையின் அளவு. விவரத் தாளில் முதன்மை வில்லைக்கு ஐபோனில் எஃப் 1.6 என்றும், கேலக்ஸியில் எஃப் 1.8 என்றும் இருக்கும். வில்லையின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண் இது. எண் சிறிதானால் துளை பெரிது. உணரியில் விழும் ஒளி இந்த எண்ணின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் அமையும். 1.8-இன் இருமடி 3.24, 1.6-இன் இருமடி 2.56. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சுமார் 1.27. ஆகவே ஐபோனின் உணரியில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் ஒளி சுமார் 27 விழுக்காடு கூடுதல். பெரிதாகத் தோன்றிய மெகாபிக்சல் எண் இங்கே பயன்படவில்லை. சிறிய எழுத்தில் அச்சான எண் பயன்படுகிறது.

தொலைவிலுள்ளதை எடுக்க வேண்டுமானால் நிலைமை மாறுகிறது. கேலக்ஸியில் மும்மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கு வில்லை தனியாக உள்ளது. ஐபோன் 16-இல் அது இல்லை. தன் 48 மெகாபிக்சல் படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுத்து இருமடங்காகக் காட்டுகிறது. நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி என்றால் பரப்பில் கால் பங்கு. 48-இல் கால் பங்கு 12 மெகாபிக்சல். வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து கரும்பலகையைப் படம் பிடிப்பவருக்கு எது உதவும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஒரே முத்திரை, இரண்டு ஆழம்

இரண்டு கைப்பேசிகளும் "ஐ.பி. 68" என்ற முத்திரை பெற்றவை. முதல் இலக்கமான 6, தூசி உள்ளே புகாது என்பதைக் குறிக்கும். இரண்டாவது இலக்கமான 8, ஒரு மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திலும் நீரைத் தாங்கும் என்பதைக் குறிக்கும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதை நிறுவனமே அறிவிக்க வேண்டும்.

ஆப்பிள் 6 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் என்று அறிவிக்கிறது. சாம்சங் 1.5 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் என்கிறது. நீரின் அழுத்தம் ஆழத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். ஆகவே முன்னதன் சோதனையில் நீரின் அழுத்தம் பின்னதைப் போல் 4 மடங்கு. முத்திரை ஒன்றே, சோதனை வேறு.

ஆனால் உங்கள் கைப்பேசி 6 மீட்டர் ஆழத்தில் எப்போது விழப் போகிறது? மழையில் நனைவதும், தண்ணீர்க் குடத்தில் நழுவி விழுவதுந்தான் நம் வீடுகளில் நடப்பவை. அவற்றுக்கு இரண்டும் போதும். இந்தச் சோதனைகள் தூய நீரில் செய்யப்பட்டவை. சோப்பு நீருக்கும் உப்பு நீருக்கும் இவற்றை நம்பக்கூடாது.

மூளையும் நினைவும்

ஐபோனின் ஏ18 நுண்செயலியில் 6 உட்கருக்கள். கேலக்ஸியின் ஸ்னாப்டிராகன் 8 எலைட் நுண்செயலியில் 8. கேலக்ஸியின் விவரத் தாளில் 12 ஜிகாபைட் நினைவகம் என்று இருக்கும். ஆப்பிள் இந்த எண்ணைத் தாளில் தருவதில்லை. எட்டுப் பேர் செய்யும் வேலையை ஆறு பேர் அதே நேரத்தில் முடிப்பதுண்டு. எல்லாம் ஆளையும் வேலை பகிர்வையும் பொறுத்தது. இரண்டின் இயக்க முறைமைகளும் வேறு வேறு. அவை நினைவகத்தைக் கையாளும் முறையும் வேறு. எனவே இந்த எண்களை நேருக்கு நேர் நிறுத்துவதில் பொருள் இல்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் உள்ள இரண்டு கைப்பேசிகளை ஒப்பிடும்போது மட்டும் இவை ஓரளவு உதவும்.

எத்தனை ஆண்டு உழைக்கும்?

ஒரு கைப்பேசி உடையாமல் இருந்தாலும், அதற்குரிய பாதுகாப்பு மேம்பாடுகள் நின்றுவிட்டால் வங்கி வேலைகளுக்கு அதை நம்ப முடியாது. சாம்சங் எஸ்25-க்கு 7 ஆண்டுகள் மேம்பாடு தருவதாக எழுத்தில் உறுதி அளித்துள்ளது. ஆப்பிளைப் பொறுத்தவரை அதன் கடந்த காலத்தைப் பார்க்கலாம். 2018-இல் வெளிவந்த ஐபோன் எக்ஸ்எஸ்-க்கு 2024 வரை புதிய இயக்க முறைமைகள் கிடைத்தன.

இதைப் பணக் கணக்காக மாற்றுங்கள். 80,000 ரூபாய்க் கைப்பேசியை 4 ஆண்டில் மாற்றினால் ஆண்டுக்கு 20,000 ரூபாய்ச் செலவு. 7 ஆண்டு வைத்திருந்தால் சுமார் 11,400 ரூபாய். 16,000 ரூபாய்க் கைப்பேசி ஒன்று 4 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 4,000 ரூபாய்தான். "இந்த இரண்டில் எது?" என்ற கேள்விக்கு "இரண்டும் வேண்டாம்" என்பதும் ஒரு விடை என்பதை மறக்க வேண்டாம்.

மதிப்பெண் போடுவோம்

இனி முடிவுக்கு வருவோம். முதலில் உங்களுக்கு எது எவ்வளவு முக்கியம் என்று ஒவ்வொரு பண்புக்கும் 1 முதல் 5 வரை ஓர் எடை கொடுங்கள். பிறகு ஒவ்வொரு கைப்பேசிக்கும் அந்தப் பண்பில் 5-க்கு மதிப்பெண் இடுங்கள். எடையையும் மதிப்பெண்ணையும் பெருக்கிக் கூட்டுங்கள்.

கற்பனையாக இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தளிப் பக்கம் ரோஜா பயிரிடுபவர். நாள் முழுதும் வெயிலில் நிற்பவர். இதுவரை ஆண்ட்ராய்டு கைப்பேசியே பழகியவர். மற்றவர் ஓசூரில் கல்லூரியில் படிக்கும் மாணவி. மாலையில் வீட்டுக்குள் கைவினைப் பொருள்கள் செய்து காணொளி எடுப்பவர்; அவர் அக்காவும் அண்ணனும் ஐபோன் வைத்திருக்கிறார்கள்; குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

இருவருக்கும் பொதுவான மதிப்பெண்கள் (முதலில் ஐபோன், அடுத்து கேலக்ஸி):

மின்கலம்: 4, 5
வெயிலில் திரை: 4, 5
தொலைவுப் படம்: 3, 5
மங்கிய ஒளியில் படம்: 5, 4
நீர் தாங்கல்: 5, 4

ஆறாவது பண்பு பழக்கம். இது ஆளுக்கு ஆள் மாறும். விவசாயிக்கு 2, 5. மாணவிக்கு 5, 2.

விவசாயி தரும் எடைகள் இதே வரிசையில் 5, 4, 1, 1, 2, 3. கூட்டினால் ஐபோனுக்கு 60, கேலக்ஸிக்கு 77. மாணவி தரும் எடைகள் 2, 1, 1, 4, 3, 5. கூட்டினால் ஐபோனுக்கு 75, கேலக்ஸிக்கு 58. கைப்பேசிகள் அவையே, விவரத் தாள்களும் அவையே, விடை மட்டும் தலைகீழாகிவிட்டது!

இன்னும் ஒரு படி போவோம். பழக்கம் என்ற ஆறாவது வரியை நீக்கிவிட்டுக் கூட்டிப் பாருங்கள். விவசாயிக்கு 54, 62. மாணவிக்கு 50, 48. மாணவியைப் பொறுத்தவரை இரண்டும் ஏறத்தாழச் சமம். அவருடைய முடிவைத் தீர்மானித்தது எந்த விவரத் தாளிலும் அச்சாகாத ஒரு பண்பு. அதை அவர் மட்டுமே அறிவார். கடைக்காரர் அறிய மாட்டார்.

இத்தகைய அச்சாகாத பண்புகளை நீங்கள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். ஓசூரில் பல வீடுகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. மூன்றிலும் தட்டச்சு செய்து பார்த்தீர்களா? பழுதானால் ஊரிலேயே சரி செய்ய முடியுமா, அல்லது 40 கிலோமீட்டர் சென்று பெங்களூரில் காத்திருக்க வேண்டுமா? உடைந்த திரையை மாற்ற என்ன விலை? இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் கூடு செய்யப்படுகிறது என்பதற்காக ஐபோனை வாங்கலாமா? உங்களுக்கு அது முக்கியம் என்றால் அதையும் ஒரு வரியாக எழுதி எடை கொடுங்கள், தவறில்லை. ஆனால் எல்லா ஐபோனிலும் ஓசூர்க் கூடுதான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கூடுகள் வேறு நாடுகளிலும் தயாராகின்றன.

ஒரே ஒரு கட்டுப்பாடு: எடைகளை மதிப்பெண் போடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். விடை வந்த பிறகு, மனத்துக்குப் பிடித்தது தோற்றுவிட்டதே என்று எடையை மாற்றினால், அது ஆராய்ச்சி ஆகாது. ஆசைக்குச் சாட்சி தேடுவது ஆகும்.

செய்து பாருங்கள்

1. வீட்டில் இரண்டு கைப்பேசிகள் இருந்தால் இரண்டையும் முழுதும் மின்னேற்றுங்கள். இரண்டிலும் ஒரே காணொளியைப் பதிவிறக்கி, வலையிணைப்பைத் துண்டித்து, கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியும்படி ஒளிர்வை அமைத்து, ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். எத்தனை விழுக்காடு குறைந்தது? மின்கலத்தின் வாட்-மணி தெரிந்தால், அதிலிருந்து எத்தனை வாட் செலவாயிற்று என்று கணக்கிடுங்கள். மின்கலம் பழையதானால் விடை எப்படி மாறும்?

2. டி.வி.எஸ்., ஏதர் ஆகிய இரண்டு நிறுவனங்களும் ஓசூரில் மின் ஸ்கூட்டர் செய்கின்றன. ஒவ்வொன்றின் விவரத் தாளையும் கடையில் கேட்டு வாங்குங்கள். ஒரு முறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற எண் எந்த நிலைமையில் கண்டது என்று பாருங்கள். உங்கள் வீட்டாரோடு உட்கார்ந்து எடைகளை முதலில் எழுதி, பிறகு மதிப்பெண் இடுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரே விடைதான் வருகிறதா?